இருநூற்றுப் பதினான்காம் தட்டு

இரண்டாம் மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைக் குச்சியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதை அலுவலகக் குமாஸ்தாவைத் தவிர யாரும் வாசித்ததில்லை. உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அவள் நல்ல தாட்டியான பெண்பிள்ளை. ஒரு நாளைக்கு ஆயிரம் பல்குச்சிக்குக் குறையாமல் அவள் விரலில் ஏறி இறங்கும். அதனால் வந்த பெயர்.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மனித உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்கிற நீண்ட இழை இருக்கிறது. நம்மை எப்படிக் கட்டுவது என்கிற விவரம் முழுக்க அதில்தான். அதை ஒரே மூச்சில் வாசிக்க எந்தக் கருவியாலும் முடியாது. ஆகவே துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பாக்டீரியாவுக்குள் ஏற்றிவிடுவார்கள். பாக்டீரியா பெருகும்போது உள்ளே இருக்கும் மனிதத் துண்டும் கூடவே பெருகும். அப்படி ஒன்றிலிருந்தே பெருகிய கூட்டத்துக்குக் குளோன் என்று பெயர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குளோன்களைக் கலந்துவிடாமல் தனித்தனியே வைத்தால், ஒரு முழு மனிதர் ஆயிரத்து இருநூறு தட்டுகளில் உறைந்து கிடக்கிற கணக்கு. பிறகு எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று கண்டுபிடித்து வரைபடம் போடுவார்கள். இந்தச் சேகரத்துக்கு நூலகம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நூலகத்துல வேலைன்னு சொல்லிட்டுப் போறே. ஆறு வருஷத்துல ஒரு கதைப் புத்தகமாவது கொண்டுவந்தியா?" என்று அவள் கணவன் கேட்பான்.

"கொண்டுவந்தா உங்களுக்கு வயித்துப்போக்கு வரும். பரவாயில்லையா?" என்பாள் அவள்.

பெரிய சதுரத் தாம்பாளத்தில் கூழ் போல் உறைந்த சத்து இருக்கும். அதன்மேல் குண்டூசித் தலை அளவில் பாக்டீரியாப் புள்ளிகள் முளைத்திருக்கும். நீலப் புள்ளி என்றால் உள்ளே சரக்கு இல்லை, காலி. வெள்ளைப் புள்ளி என்றால் மனிதத் துண்டு ஏறியிருக்கிறது. வெந்நீராவியில் சுத்தம் செய்த பல்குச்சியால் ஒரு வெள்ளைப் புள்ளியைத் தொட்டு, பிளாஸ்டிக் தட்டில் சத்துநீர் விட்ட ஒரு குழியில் குச்சியோடு நிறுத்த வேண்டும். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி, ஆகத் தொண்ணூற்றாறு. தட்டு முழுக்கக் குச்சி நின்றால் முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். பிறகு குச்சிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூடி, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வளர்த்து, உறைய வைப்பார்கள்.

ஒவ்வொரு குழிக்கும் ஒரு விலாசம் உண்டு. தட்டு எண், வரிசைக்கு எழுத்து, குழிக்கு எண். 'இருபது, பி, ஏழு' என்றால் உலகத்தில் ஒரே இடம்தான். எது தலைப்பக்கம் என்று தெரிவதற்காகத் தட்டின் ஒரு மூலையை மட்டும் சீவி விட்டிருப்பார்கள். அந்த மூலைதான் ஏ ஒன்று. விலாசம் தப்பினால் துண்டு தொலைந்த மாதிரிதான். எல்லா பாக்டீரியாவும் பார்க்க ஒன்றுபோலக் கலங்கல் நீர். முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது.

குச்சியக்கா இதற்குப் படித்தவள் இல்லை. முன்பு பன்னிரண்டு வருஷம் கண் ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்தாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது, கட்டு மாற்றுவது, தெரியாத கண்ணோடு தடுமாறுகிறவர்களைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது. அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம் ஒன்றுதான். நோயாளிக்கு எதிரே நிற்கிறோம். நம் வலது அவருக்கு இடது. சீட்டில் 'வலது கண்' என்று எழுதியிருந்தால், "யாரோட வலது?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்ட பிறகுதான் கையைத் தூக்க வேண்டும். கேட்காமல் தூக்கியவர்களைக் குச்சியக்காவே வார்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறாள்.

ஆய்வுக்கூடத்துக்கு அவள் வந்தது ரத்தம் கொடுக்க வந்தவர்களைக் கவனிக்க. பத்திரிகையில் விளம்பரம் பார்த்து இருபது பேர் வந்தார்கள். எல்லோருடைய பெயரையும் கிழித்துப் போட்டுவிட்டு, அதில் ஒருவருடைய ரத்தத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். யாருடையது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது. ஒருவர் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தார். குச்சியக்கா அவர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து, கழுத்துப் பட்டனைக் கழற்றி, இரண்டு நிமிஷத்தில் எழுப்பிவிட்டாள். பிறகு மற்றவர்களுக்கும் ஊசி போட்டு முடித்தாள். கூடத்தின் தலைவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கை நடுங்கவே மாட்டேங்குதே. மேல மாடிக்கு வர்றீங்களா?" என்றார்.

அப்படி ஏறியவள்தான்.

வீட்டில் கணவன் படுக்கையில் இருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாலு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் திரும்பி வந்தது. வந்த பேச்சில் பாதி குத்தல். பகலில் அவன் தங்கை வந்து பார்த்துக்கொள்வாள். காலையும் மாலையும் குச்சியக்காவின் முறை. புண் வராமல் புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது. இதை அவள் தியாகமாக நினைக்கவில்லை. வேலை தெரிந்தவள், செய்தாள்.

அந்த வருஷம் அவர்களுக்கு ஒரு வழி திறக்கிற மாதிரி இருந்தது. வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் தற்காலிக வேலையில் ஆறு வருஷம் ஓட்டியவளை நிரந்தரமாக்கச் சொல்லித் தலைவர் காகிதம் எழுதியிருந்தார். நிரந்தரம் ஆனால் குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. வாரத்துக்கு மூன்று நாள் வண்டி வந்து கணவனைக் கூட்டிப்போய்க் கைகால் பயிற்சி கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடும். பயிற்சிக்காரர் ஒருமுறை வந்து விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் பிடிச்சா விரல் திரும்ப வாய்ப்பு இருக்கு. தள்ளிப்போட்டா நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். காகிதம் தலைவர் மேஜையில் கடைசிக் கையெழுத்துக்காகக் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் வரைபடக்காரியின் விவகாரம் வெடித்தது.

வரைபடக்காரி பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண். இருபத்தேழு வயது, கண்ணாடி, எப்போதும் கையில் ஒரு சுருட்டிய காகிதம். வரைபடத்தின் ஓரிடத்தில் இரண்டு பெரிய பகுதிகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது. எந்தத் துண்டும் அங்கே பொருந்தாமல் எல்லோரும் விட்டுவிட்ட இடம். இரண்டு வருஷம் தேடி, ஒரு குளோன் அங்கே இரண்டு பக்கமும் ஒட்டுகிறது என்று அவள் கண்டுபிடித்தாள். தலைவர் அதைக் கூட்டத்தில் பெருமையாக அறிவித்தார். நூலகத்தின் நகல்கள் பதினோரு கூடங்களுக்குப் போயிருந்தன. அதில் இரண்டு கூடத்தார் தங்களிடம் இருந்த அதே விலாசத்துக் குளோனை எடுத்துச் சோதித்தார்கள். ஒட்டவே இல்லை. அது வேறெங்கோ கிடக்கும் துண்டு என்று இரண்டு பேரும் ஒரே பதிலை அனுப்பினார்கள்.

தலைவர் அறையின் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசியது தாழ்வாரம் வரை கேட்டது.

"ரெண்டு இடத்துல ஒரே முடிவு. உன்னுது மட்டும் வேற. நான் யாரை நம்பறது?"

"மூணு தடவை பண்ணேன் சார்."

"தப்பை மூணு தடவை பண்ணா சரியாயிடுமா?"

"சார், நீங்க வேணா கூட நின்னு பாருங்க—"

"நின்னு பாக்க எனக்கு நேரமில்லை. இல்லாததை இருக்குன்னு எழுதறவங்க இந்தத் துறைக்கு ஆகாது. சனிக்கிழமையோட சாவியைக் குடுத்துடு."

வரைபடக்காரி கழுவுமிடத்தில் நின்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். குச்சியக்கா துண்டை நீட்டினாள். அழாதே என்று சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அழுகிறவர்கள் அழுது முடிக்கட்டும் என்று இருப்பவள்.

"எந்தத் தட்டு?" என்றாள்.

"இருநூத்திப் பதினாலு. சி அஞ்சு. விடுங்கக்கா, என்னைப் பைத்தியமாக்கிட்டாங்க."

"நீ எதுலேர்ந்து எடுத்தே?"

"மூலத்தட்டுலேர்ந்துதான்."

"அவங்க?"

"நாம அனுப்பின நகல்லேர்ந்து. நகல்தானேக்கா, ரெண்டும் ஒண்ணுதானே!"

ரெண்டும் ஒன்றுதான். நகல் எடுத்தவள் குச்சியக்கா. அதனாலேயே அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆறு வருஷத்தில் தன் கையில் ஒரு குழி தப்பியதில்லை. தப்பு அங்கே இரண்டு கூடத்தாரிடம்தான் இருக்க வேண்டும். அதை நிரூபித்துவிட்டால் இந்தப் பெண்ணும் பிழைத்துக்கொள்ளும், தன் பேரும் நிற்கும் என்று தன் நாட்குறிப்பை எடுத்தாள். நாளுக்கு ஒரு வரி எழுதுவது ஆஸ்பத்திரிப் பழக்கம். பதினாலு மாதத்துக்கு முந்தைய ஒரு நாளில் அவள் கையெழுத்திலேயே இருந்தது:

'என் பக்கம் பர்னர் எரியவில்லை. எதிர்மேஜைக்காரி விடுப்பு. அவள் இடத்தில் உட்கார்ந்தேன். 211 முதல் 219 வரை. பன்னிரண்டு நகல்.'

அந்த வரியை அவள் விரல் வைத்து இன்னொரு முறை வாசித்தாள்.

நகல் எடுக்கத் தொண்ணூற்றாறு இரும்பு முள் வைத்த ஓர் அச்சு உண்டு. அதைப் பர்னர் தீயில் காட்டி, ஆறவைத்து, மூலத்தட்டில் ஒரு முக்கு, புதுத்தட்டில் ஒரு முக்கு. முள்ளுக்கு முள் அப்படியே இறங்கும். இரண்டு பேர் எதிரெதிரே உட்காரும் நீள மேஜை அது. மூலத்தட்டு அசையாமல் இருக்க நடுவில் ஒரு சட்டம் திருகி வைத்திருந்தார்கள். சீவிய மூலை குச்சியக்காவின் இடது கைப் பக்கம் மேலே வரும்படி அவளுக்காகவே வைத்த சட்டம். எதிர்மேஜைக்காரிக்கு நகல் வேலை இல்லை, குச்சி வேலை மட்டும்தான். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து சட்டத்தை யாரும் பயன்படுத்தியதே கிடையாது. அன்று ஒரு நாள் மட்டும் குச்சியக்கா அங்கே போய் உட்கார்ந்தாள். சட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. புதுத்தட்டுகளை மட்டும் தன் வழக்கப்படி, சீவிய மூலை தன் இடது கைப் பக்கம் வர அடுக்கிக்கொண்டாள்.

யாரோட இடது என்று அன்றைக்கு அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

நாட்குறிப்பு சொன்னது போதாது. கண்ணால் பார்க்க வேண்டும். பதினோரு நகல் வெளியே போக, பன்னிரண்டாவது உபரி நகல் உறைபெட்டியின் அடித்தட்டில் யாரும் தொடாமல் கிடந்தது. கையுறை மாட்டிக்கொண்டு, உறைபனியைச் சுரண்டி அதை எடுத்தாள். மூலத்தட்டையும் எடுத்தாள். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எந்தத் தட்டிலும் சில குழிகளில் பாக்டீரியா முளைக்காமல் தெளிவாக இருக்கும். மூலத்தட்டில் இரண்டாம் வரிசையில், இடப்பக்கமாக, மூன்று குழி அடுத்தடுத்து அப்படித் தெளிவாக இருந்தன. உபரித் தட்டிலும் மூன்று குழி தெளிவாகத்தான் இருந்தன. ஆனால் கீழே, ஏழாம் வரிசையில், வலப்பக்கமாக.

தட்டு தலைகீழ். ஏ ஒன்று போக வேண்டிய இடத்தில் எச் பன்னிரண்டு. சி ஐந்து என்று அவர்கள் எடுத்தது உண்மையில் எஃப் எட்டு. அந்தப் பெண் சொன்னது சரி. பதினோரு கூடத்தில் இருப்பதும் தப்பு. ஒன்பது தட்டு, பதினோரு கூடம், ஆகத் தொண்ணூற்றொன்பது தட்டு தலைகீழாக உலகத்தில் கிடக்கிறது. அதை ஆறே மணி நேரத்தில், கை நடுங்காமல், செய்தவள் அவள்.

தட்டுகளை உறைபெட்டியில் வைத்து மூடிவிட்டு, அன்று வழக்கமான நேரத்துக்கே வீட்டுக்குப் போனாள். நாத்தனாரை அனுப்பிவிட்டுக் கணவனுக்கு முகம் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அவள் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"அப்ப தப்பு உன்னுது," என்றான்.

"என்னுதுதான்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"நான் எழுந்து போய்ச் சொல்லப் போறதில்லை. அந்தப் பயம் உனக்கு வேண்டாம்." அவன் சிரிக்கப் பார்த்தான், வாயின் ஒரு பக்கம்தான் ஏறியது. "கையெழுத்து எப்ப ஆகுது?"

"அடுத்த வாரம்."

"அப்ப அடுத்த வாரம் கழிச்சுச் சொல்லு. ஓடியா போயிடும் அந்தத் தட்டு?"

"தட்டு ஓடாது. அந்தப் பொண்ணு சனிக்கிழமை போயிடுவா. போனப்புறம் சொன்னா, பெரிய மனசு பண்ணி அவளுக்கு ஒரு வரி எழுதுவாங்க. அவ்வளவுதான்."

"படிச்ச பொண்ணு. வேற இடம் கிடைக்கும்."

"பொய் எழுதினவள்னு பேர் வாங்கினா எந்த இடத்துல சேப்பாங்க?"

அவன் இடது கையால் செத்த வலது கையைத் தூக்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான்.

"இந்த விரலைப் பத்தி யோசிச்சியா?"

"அதைத்தான் பஸ்ஸுல வரும்போது யோசிச்சேன். வேற ஒண்ணையும் யோசிக்கலை."

"யோசிச்சும் இப்படித்தானா?"

அவள் துண்டைப் பிழிந்தாள்.

"என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பு," என்றான் அவன்.

கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட அவனுக்கு அவள் கைதான் வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒரு கை, தோளுக்கு அடியில் ஒரு கை. பதமாகச் சுவர்ப் பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று அவன் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள். மறுநாள் நிற்க வேண்டும், தெம்பு வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் தலைவர் வந்து உட்கார்ந்ததும், புகைகிற உலர்பனிப் பெட்டியோடு குச்சியக்கா உள்ளே போனாள். பெட்டியைத் திறந்து இரண்டு தட்டையும் எடுத்து, மேஜை விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நாட்குறிப்பைப் பிரித்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

தலைவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். தட்டுகளைப் பார்த்தார், வரியைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவை அழுத்திச் சாத்திவிட்டு வந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"இங்க யாருக்கும் தெரியாது."

"நல்லது. வாயைத் திறக்காதீங்க. 'முந்தின நகல்ல வளர்ச்சி சரியில்லை'ன்னு சொல்லி ஒன்பது தட்டையும் புதுசா எல்லாருக்கும் அனுப்பிடலாம். பழசைத் தூக்கிப் போடச் சொல்லிடலாம். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"அவளுக்கு நான் வேற ஏதாவது..." என்று இழுத்தார்.

"என்ன செய்வீங்க சார்?"

"இங்க பாருங்க. நாம அனுப்பினது தப்புன்னு நாமே எழுதினா, ஒன்பது தட்டோட நிக்காது. மீதி ஆயிரத்துச் சொச்சத்தையும் சந்தேகப்படுவாங்க. ஆறு வருஷ உழைப்பு. உங்க உழைப்பும்தான்."

"சந்தேகப்படட்டும். தட்டைத் தூக்கி வெளிச்சத்துல பாக்கட்டும். மூடி வச்சிருந்தா யாருக்கும் தெரியாது. எந்த நோயும் அப்படித்தான்."

தலைவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், உருகிட்டிருக்கு," என்றாள் குச்சியக்கா.

"என்னது?"

"தட்டு. உள்ள இருக்கறது சாகறதுக்கு முன்னாடி நான் திரும்ப வைக்கணும். நீங்க சொல்லுங்க, எழுதறீங்களா இல்லையா? நீங்க எழுதலைன்னா நான் எழுதறேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். படிக்கறவங்க இன்னும் மோசமா நினைச்சுப்பாங்க."

அவர் சட்டென்று சிரித்துவிட்டார். சிரித்த பிறகு முகம் இன்னும் தளர்ந்து போயிற்று. தட்டுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் கதவுவரை போனதும் கூப்பிட்டார்.

"உங்க நிரந்தரக் காகிதம்... இதோட சேத்து மேல அனுப்ப முடியாது. புரியுதா?"

"புரியுது சார்."

"அடுத்த வருஷம் பாக்கலாம்."

"சரிங்க," என்று சொல்லிவிட்டு உறைபெட்டிக்கு ஓடினாள். தட்டின் விளிம்பில் அதற்குள் ஈரம் கோத்திருந்தது.

கடிதம் அன்று மத்தியானமே பதினோரு கூடத்துக்கும் போயிற்று. தலைவர் பூசி மெழுகாமல் எழுதியிருந்தார். ஒன்பது தட்டுகள் எங்கள் கையால் தலைகீழாக நகலெடுக்கப்பட்டன. சி ஐந்துக்குப் பதில் எஃப் எட்டை எடுத்துச் சோதியுங்கள் என்று. சாவியைக் கொடுக்க வேண்டாம் என்று வரைபடக்காரியிடம் அவரே போய்ச் சொன்னார்.

அந்தப் பெண் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள் என்று யாராவது நினைத்திருந்தால், மனுஷர்களைத் தெரியாதவர்கள். அவள் நேராக நீள மேஜைக்கு வந்து நின்றாள்.

"ஒரு மாசமா நான் தூங்கலைக்கா. என்னைப் பாத்தா டீ குடிக்கற இடத்துல பேச்சை நிறுத்தினாங்க. எங்க அம்மாகிட்டகூட நான் தப்பு பண்ணிட்டேனோன்னு சொல்லி அழுதேன். எல்லாம் நீங்க ஒரு நாள் நாற்காலி மாறி உக்காந்ததுக்கா?"

"ஆமா."

"ஆமான்னா?"

"வேற என்ன சொல்றது? ஆமாதான்."

வரைபடக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பத்து நாள் கழித்து அந்த இரண்டு கூடத்திலிருந்தும் தொலைநகல் வந்தது. எஃப் எட்டு ஒட்டுகிறது, இரண்டு பக்கமும். இடைவெளி அடைபட்டது. அந்தப் பெண்ணுக்கு எல்லோரும் கைகொடுத்தார்கள். அவள் குச்சியக்காவோடு மறுபடி சகஜமாகப் பேச இரண்டு மாதம் ஆயிற்று. அதுவும் வேலை நிமித்தம்தான்.

தொண்ணூற்றொன்பது தட்டையும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. இனிமேல் நகலை ஒருவராக எடுக்கக் கூடாது, ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டார். எதிர்மேஜைக்காரி கூட உட்கார்ந்தாள்.

"மூலை?"

"உன் இடது, என் வலது."

"முக்கு."

"அய்யோ, கல்யாணத்துல சத்தியம் வாங்கற மாதிரி கேக்கறியேக்கா," என்று எதிர்மேஜைக்காரி அலுத்துக்கொள்வாள். ஆனால் ஒரு தட்டுக்குக்கூடச் சொல்லாமல் விடவில்லை.

அடுத்த வருஷம் நிரந்தரம் வரவில்லை. புள்ளிகளைத் தானே பார்த்துப் பொறுக்குகிற இயந்திரம் வந்தது. குச்சிக்கு ஆள் தேவைப்படவில்லை. குச்சியக்காவை உறைபெட்டிகளின் கணக்குப் பார்க்கப் போட்டார்கள். தற்காலிகமாகவே இன்னும் ஏழு வருஷம் இருந்து ஓய்வு பெற்றாள். கணவனுக்குப் பயிற்சி நிலையம் கிடைக்கவில்லை. பயிற்சிக்காரர் வந்துபோன அன்று அவர் கை போன விதத்தைப் பார்த்து வைத்திருந்தாள். அதைத் தானே காலையும் மாலையும் செய்தாள். கட்டைவிரல் லேசாக அசைந்தது. மற்ற நாலும் அசையவில்லை. சரியான நேரத்தில் தெரிந்த கை பிடித்திருந்தால் அசைந்திருக்குமா என்று கேட்டால் யாரும் சொல்ல முடியாது. அவளும் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாலு நாள் கணவன் பேசவில்லை. ஐந்தாம் நாள் தண்ணீர் கேட்டான். அதோடு பேச்சு ஓடத் தொடங்கிற்று. தட்டு விஷயத்தை மட்டும் இரண்டு பேருமே தொடவில்லை.

பதினோரு கூடத்தில் பத்திலிருந்து பதில் வந்தது: கடிதம் கிடைத்தது, பழைய தட்டுகளை அப்புறப்படுத்திவிட்டோம் என்று. பதினோராவது கூடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அங்கே ஆள் மாறிவிட்டார்கள், இடம் மாறிவிட்டார்கள் என்றார்கள். தலைவர் இரண்டு முறை நினைவூட்டிவிட்டு விட்டுவிட்டார். குச்சியக்கா விடவில்லை. ஒன்பது தட்டு அங்கே யாரோ ஒருவருடைய உறைபெட்டியில் தலைகீழாகக் கிடக்கிறது. என்றைக்காவது ஒரு பெண்ணோ பையனோ அதைத் திறக்கக்கூடும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியான வேலை முடிந்ததும், கணவன் கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி அவளே ஒரு கடிதம் எழுதுவாள். தட்டின் படத்தைச் சின்னதாகப் போட்டு, சீவிய மூலையை அம்புக்குறியால் காட்டுவாள்.

நாலாவது கடிதம் எழுதும்போது மின்விசிறிக் காற்றில் காகிதம் திரும்பத் திரும்பக் கிளம்பியது. அவள் முழங்கையால் அழுத்தினாள். கோணலாக விழுந்தது எழுத்து. விசிறியை நிறுத்தினால் அவனுக்கு வேர்க்கும்.

"என்ன எழுதறே?" என்றான் அவன்.

"அதேதான்."

"பதில் வரலையா இன்னும்?"

"வரலை."

"மூணு கடுதாசிக்கும்?"

"மூணுக்கும்."

அவன் இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கட்டில் விளிம்புக்கு மேலாக நகர்த்திக் கொண்டுவந்து, காகிதத்தின் மேல்பாகத்தில் தொப்பென்று போட்டான்.

"இதை வச்சுக்கோ. நல்ல கனம். இதுக்கு வேற வேலை ஒண்ணும் இல்லை."

காகிதம் அசையாமல் நின்றது. குச்சியக்கா அந்தக் கையைப் பார்த்தாள். நகம் வெட்ட வேண்டியிருந்தது. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கை மறைத்த இடத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றி எழுதிக்கொண்டே போனாள்.